அடுத்த வீட்டுக்காரர் வைத்த பெயர்

பள்ளி நாட்களில் தபால்தலை சேர்த்தவர்களுக்கு 'மக்யார் போஸ்டா' மறந்திருக்காது. கடையில் கலவையாக விற்கும் பாக்கெட்டைப் பிரித்தால் பூ, பட்டாம்பூச்சி, ராக்கெட் என்று கொட்டுவதில் பெரும்பங்கு அதுதான். ஆனால் மக்யார் என்றொரு நாட்டை அட்லாஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சுவோமியும் கிடைக்காது, ஹெல்வெட்டியாவும் கிடைக்காது. ஹங்கேரியர்கள் தங்களை மக்யார் என்பார்கள், பின்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டைச் சுவோமி என்பார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் நான்கு தேசிய மொழிகள். எந்த மொழிக்காரரும் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று லத்தீனில் ஹெல்வெட்டியா என்று அச்சடித்துவிடுகிறார்கள். பிரிட்டன் தபால்தலையில் மட்டும் நாட்டின் பெயரே இருக்காது, முடிசூடிய தலை மட்டும்தான். 1840இல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்டவர்கள் அவர்கள். அப்போது போட்டிக்கு ஆள் இல்லாததால் பெயர் தேவைப்படவில்லை. இன்றுவரை அந்தச் சலுகையை விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியே வேறொரு பெயர். ஏன் இப்படி என்ற கேள்வி தபால்தலை ஆல்பம் போன பிறகும் என்னோடு தங்கிவிட்டது.

இணையத்தில் ஒரு வரைபடம் அடிக்கடி சுற்றும். ஐரோப்பிய நாடுகளின் பெயருக்குப் பதிலாக அவற்றின் 'பொருளை' எழுதியிருப்பார்கள். ஸ்பெயின் மேல் முயல் தேசம், இத்தாலி மேல் கன்றுக்குட்டி தேசம் என்று. பார்க்க ஜாலியாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஸ்பெயின் கதை இதுதான்: கடல்வழி வந்த பினீசிய வணிகர்கள் அங்கே ஏராளமாகத் திரிந்த முயல்களைப் பார்த்து, தங்கள் ஊரில் பாறை இடுக்கில் வாழும் முயல் மாதிரியான ஒரு பிராணியின் பெயரை நாட்டுக்கே வைத்தார்களாம். அதுவே ஹிஸ்பானியா ஆனதாம். ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் நாணயங்களில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாகச் சாய்ந்திருக்க, காலடியில் ஒரு முயல் இருப்பது உண்மை. ஆனால் முயல் இருந்தது என்பதும் முயலால்தான் பெயர் வந்தது என்பதும் வேறுவேறு. இரண்டாவது வெறும் ஊகம்தான்.

இத்தாலியும் அப்படியே. கன்று என்ற சொல்லோடு உறவு இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அந்தப் பெயர் நடந்த தூரம். பூட்ஸ் வடிவத் தீபகற்பத்தின் கால்விரல் நுனிக்குக் கிரேக்கர்கள் சொன்ன பெயர் அது. மெல்ல மெல்ல மேலே ஏறி ஆல்ப்ஸ் மலைவரை போய்விட்டது. கி.மு. 91இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த தீபகற்பத்து மக்கள் அதே பெயரைத் தங்கள் ஆஸ்கன் மொழியில் 'விட்டெலியு' என்று நாணயத்தில் பொறித்தார்கள். அதில் ஒரு காளை, ரோமின் ஓநாயைக் கொம்பால் குத்திக்கொண்டிருக்கும். ஆக, இத்தாலி என்ற பெயரின் முதல் அரசியல் பயன்பாடுகளில் ஒன்று ரோமை எதிர்ப்பதற்காக!

அதனால் ஒரு பெயருக்கு என்ன பொருள் என்று நோண்டுவதைவிட, யார், எந்தத் திசையில் நின்றுகொண்டு இப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்பது எனக்குப் பிடிக்கும். அதற்கு ஜெர்மனியைவிட நல்ல ஆள் கிடையாது.

உள்ளூரில் அது டாய்ச்லாண்ட். பிரெஞ்சில் அல்மான்ய், ஸ்பானியத்தில் அலெமானியா, துருக்கியில் அல்மான்யா. பின்லாந்தில் சாக்ஸா. போலந்தில் நியெம்ட்ஸி. லாட்வியாவில் வாட்ஸியா. இத்தாலிக்காரர்கள் நாட்டை ஜெர்மானியா என்றும் அங்கிருக்கும் ஆளைத் தெடெஸ்கோ என்றும் சொல்லி இன்னும் குழப்புவார்கள்.

மேல் ரைன் ஆற்றங்கரையில், இன்றைய பிரான்சை ஒட்டி, அலமன்னி என்ற கூட்டத்தார் இருந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அக்கரையில் தெரிந்தது அவர்கள்தான். அவர்களுக்கு அப்பால் இருந்தவர்களும் சேர்ந்தே அலமன்னி ஆகிவிட்டார்கள். பால்டிக் கடலுக்கு அப்பால் இருந்த பின்லாந்துக்காரர்களுக்கு வட ஜெர்மனியிலிருந்து வந்த சாக்ஸன்களே பழக்கம், அதனால் சாக்ஸா. அதே சாக்ஸன்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டிப் பிரிட்டனில் குடியேறியிருந்தார்கள். அவர்களைப் பார்த்த அயர்லாந்துக்காரர்கள் இங்கிலாந்துக்கு வைத்த பெயர் சாசனா. ஒரே குலம்தான். கிழக்கே நின்று கூப்பிட்டால் ஜெர்மனி, மேற்கே நின்று கூப்பிட்டால் இங்கிலாந்து.

ஸ்லாவ் மொழிகளில் வழங்கும் நியெம்ட்ஸி வகைப் பெயருக்கு வேர், ஊமை என்ற சொல். ஸ்லாவ் என்ற பெயரையே 'சொல்' என்ற பொருள் தரும் சொல்லோடு பல மொழியியலாளர்கள் சேர்க்கிறார்கள். நாங்கள் பேசுகிறவர்கள், அந்தப் பக்கம் நிற்கிறவன் வாயில்லாதவன். எல்லா ஊரிலும் உள்ள கணக்குத்தான். ஹங்கேரியர்கள் இதைக் கடன் வாங்கி ஜெர்மானியரை நேமெத் என்றார்கள். ஓட்டோமான் துருக்கியர் தங்களோடு போரிட்ட, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசுக்கு இதையே வைத்தார்கள். அவர்களிடமிருந்து அரபிக்குப் போய் இன்றும் அரபுச் செய்திகளில் ஆஸ்திரியா என்றால் அந்-நம்சா. மொஸார்ட்டின் நாடு, ஊமைகளின் நாடு!

அப்படியானால் ஜெர்மனி? ஜூலியஸ் சீசர் ரைனுக்கு அப்பால் இருந்தவர்களை மொத்தமாக ஜெர்மானி என்று எழுதி நிலைநிறுத்திய பெயர் அது. கி.பி. 98இல் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதும்போதே, இது புதுப் பெயர், முதலில் ஆற்றைத் தாண்டி வந்த ஒரு சிறு கூட்டத்தின் பெயர்தான் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டார். அந்தக் காட்டில் இருந்தவர்கள் யாரும் தங்களை அப்படி ஒரே இனமாக நினைத்திருந்ததாகத் தெரியவில்லை.

அவர்களே வைத்துக்கொண்ட டாய்ச் என்பதற்கு மக்களுடையது என்று பொருள். லத்தீன் பாதிரிமாரின் மொழி, இது சாதாரண சனங்களின் மொழி. இந்தச் சொல்லின் லத்தீன் வடிவம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் 786ஆம் ஆண்டு போப்புக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். இங்கிலாந்தில் நடந்த திருச்சபைக் கூட்டத்தின் தீர்மானங்களை லத்தீனிலும் 'தெயோடிஸ்கே'யிலும் வாசித்தோம் என்கிறது அது. அங்கே வாசித்தது பழைய ஆங்கிலம். ஆக டாய்ச் என்ற சொல் நம் கண்ணில் முதலில் படும்போது அது குறிப்பது ஆங்கிலத்தை!

ஆங்கிலேயர்கள் இதே சொல்லை டச்சு என்று ஆக்கி, முதலில் ஜெர்மானியர் எல்லோருக்கும் சொன்னார்கள். பிறகு கடலில் தங்களோடு மோதிக்கொண்டிருந்த நெதர்லாந்துக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டார்கள். நெதர்லாந்தின் தேசிய கீதத்தில் இன்றும் 'நான் டாய்ட்ஸ் ரத்தம்' என்ற பொருளில் ஒரு வரி உண்டு. பாடுகிறவர்கள் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நாம் அந்த டச்சுக்காரர்களை ஒல்லாந்தர் என்றோம். அது நெதர்லாந்தின் ஒரு பகுதியான ஹாலந்தின் பெயர். கப்பல் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயர்.

எஸ்டோனியாவிலும் இதேதான் நடந்திருக்கிறது, இன்னும் துல்லியமாக. வடக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் பின்லாந்துக்காரர்கள் அதை விரோ என்பார்கள். எஸ்டோனியாவின் வட கரையில் விருமா என்றொரு பகுதி இருக்கிறது. தெற்கே இருக்கும் லாட்வியர்கள் அதை இகௌனியா என்பார்கள். எஸ்டோனியாவின் தெற்கில் இருந்த பழைய உகாண்டி வட்டாரத்தின் பெயர் அது. எஸ்டோனியர்களைக் கேட்டால் ஏஸ்தி என்பார்கள். யாருக்கும் அடுத்த வீட்டின் திண்ணைதான் தெரியும், உள்ளறை தெரியாது.

சரி, திண்ணையே இல்லாமல் 'அந்நியன்' என்று மட்டும் பெயர் வாங்கியவர்களும் உண்டு. சீசர் காலத்தில் வோல்கே என்றொரு கெல்டிய குலம் இருந்தது. ஜெர்மானியக் குலங்கள் அந்தப் பெயரை 'வால்ஹ்' என்று பிடித்துக்கொண்டு, முதலில் கெல்டியர் எல்லோருக்கும், பிறகு லத்தீன் பேசுகிறவர் எல்லோருக்கும் சூட்டினார்கள். பிரிட்டனுக்குள் வந்த ஆங்கிலேயர்கள் அங்கே ஏற்கனவே இருந்த மண்ணின் மக்களைப் பார்த்து அந்நியர்கள் என்றார்கள், அதுதான் வேல்ஸ். நேற்று வந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து நீ யார் என்று கேட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வேல்ஸ்காரர்கள் தங்களைக் கம்ரி என்கிறார்கள். ஒரே மண்ணவர் என்ற பொருளில் வரும் பெயர்.

பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியாவும் இந்த வேர்தான். ஸ்லாவ் மக்கள் இதைக் கடன் வாங்கி, ருமேனியாவின் தெற்குப் பகுதியை வலாக்கியா ஆக்கினார்கள். போலந்து மொழியில் இத்தாலிக்கே பெயர் வுவோஹி. ஹங்கேரிய மொழியில் இத்தாலி ஒலாஸோர்சாக். சீசரின் எழுத்தில் வந்துபோகும் ஒரு கெல்டியக் குலம், கடைசியில் சீசரின் சொந்த நாட்டுக்கே பெயராகிவிட்டது. வலாக்கியாவும் மால்டாவியாவும் 1859இல் ஒரே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுத்து இணைந்த பிறகு, இந்தப் பழைய பெயர்களை உதறிவிட்டு, தாங்கள் ரோமின் வாரிசுகள் என்று காட்ட ருமேனியா என்ற பெயரை ஏற்றன. மக்கள் தங்களை ரோமானியர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அங்கே அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது.

இன்னொரு வகை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த கூட்டம் ஒன்று நாட்டைப் பிடிக்கும், உள்ளூர் மக்களோடு கலந்து கரைந்துவிடும், மொழியையும் இழந்துவிடும், பெயரை மட்டும் விட்டுப்போகும். பிரான்ஸ் அப்படித்தான். பிராங்குகள் ஜெர்மானியக் குலத்தார். 486இல் அவர்கள் அரசர் க்ளோவிஸ், வட கோலில் (இன்றைய பிரான்சின் பழைய பெயர் கோல்) எஞ்சியிருந்த ரோமானிய ஆட்சியை ஸுவாஸோனில் முறியடித்தார். அவர் வாரிசுகள் ஆண்டார்கள். மொழி மட்டும் லத்தீனின் பிள்ளையாகவே வளர்ந்தது. ஜெர்மானியக் குலத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஜெர்மனியோடு மூன்று பெரிய போர் நடத்திய நாடு அது. பிராங்குகளின் பெயர் ஜெர்மனியிலும் பிராங்க்பர்ட்டாக நிற்கிறது. பிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை. கிரேக்கர்கள் மட்டும் பிராங்குகளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் மொழியில் பிரான்ஸ் இன்றும் காலியா.

இந்தப் பிராங்குகள் நம் ஊர்வரை வந்திருக்கிறார்கள், பெயராக. சிலுவைப் போர்களில் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அரபிகள் இஃப்ரஞ்ச் என்றும் பாரசீகர்கள் ஃபரங்கி என்றும் சொன்னார்கள். அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்தபோது இங்கே இறங்கியவர்கள் போர்த்துகீசியர்கள். பறங்கியர் ஆனார்கள். பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, குழம்பில் போடும் பறங்கிக்காய், சித்த மருத்துவத்துப் பறங்கிப்பட்டை, மறைவாகப் பேசப்படும் பறங்கிப்புண் எல்லாவற்றிலும் ரைன் நதிக்கரைக் குலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இலங்கையில் பறங்கியர் என்பது இன்றும் ஒரு சமூகத்தின் பெயர்.

பல்கேரியாவும் பிரான்சைப் போலத்தான். துருக்கிய மொழி பேசிய பல்கர்கள் அஸ்பாரூக் தலைமையில் தன்யூபைத் தாண்டி வந்து, 681இல் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் அவர்கள் அரசை ஏற்கும்படி செய்தார்கள். சில தலைமுறைகளில் ஸ்லாவ் மொழிக்கு மாறிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்காட்டிகள், அயர்லாந்துக்காரர்கள். ஒரு காலத்தில் ஸ்கோஷியா என்றாலே அயர்லாந்துதான். இங்கிலாந்தின் ஆங்கில்கள் புறப்பட்ட ஆங்கெல்ன், இப்போது ஜெர்மனியின் வட முனையில் அமைதியான கிராமப்புறம். இவற்றில் சண்டை எதுவும் இல்லை. ரஷ்யாவில்தான் சண்டை.

839இல் பைசாந்தியப் பேரரசரின் தூதர்கள், இன்றைய ஜெர்மனியில் இருந்த இங்கெல்ஹைம் அரண்மனைக்கு, பிராங்க் பேரரசர் லூயியிடம் வந்தார்கள். கூடவே சில பேர். அவர்கள் தங்கள் இனத்தை 'ரோஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். சந்தேகப்பட்டு விசாரித்ததில் அவர்கள் ஸ்வீடன்காரர்கள் என்று தெரிந்தது. ஒற்றர்களாக இருப்பார்களோ என்று பிடித்துவைத்தார்கள். அந்த ஆண்டுக் குறிப்பில் இது எழுதப்பட்டிருக்கிறது. பின்லாந்து மொழியில் ஸ்வீடனுக்குப் பெயர் ருவோட்ஸி. துடுப்புப் போடுதல் என்ற பழைய நார்டிய வேரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆறுகளில் துடுப்புப் போட்டு வந்த அந்த வடவர்கள் கீவில் ஆட்சி அமைத்தார்கள். அதற்கு ருஸ் என்று பெயர் நிலைத்தது. ஆள வந்தவர்கள் ஸ்லாவ் ஆனார்கள். இன்று ஃபின்கள் ருவோட்ஸி என்றால் ஸ்வீடன், உலகம் ருஸ் என்றால் ரஷ்யா.

1749இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் ம்யூலர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை உரையாகத் தயாரித்தபோது ரஷ்ய அறிஞர் லோமனோசவ் கொதித்துவிட்டார். ரஷ்யர்களுக்குப் பெயர் கொடுத்தது ஸ்வீடன்காரர்களா? அதுவும் ஸ்வீடனோடு போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த சமயத்தில்? உரை தடுக்கப்பட்டது. சோவியத் காலத்திலும் வடவர் கதைக்கு அரசு ஆதரவு இருந்ததில்லை. இப்போது சண்டை வேறு வடிவில். ருஸின் தலைநகரம் கீவ். பெயர் இருப்பது மாஸ்கோவிடம். பழைய ருஸ் எங்கள் மரபு என்று உக்ரைன் சொல்கிறது, எங்கள் தொடக்கம் என்று ரஷ்யா சொல்கிறது. உக்ரைன் என்ற சொல்லையே எல்லைப்புறம் என்று ஒரு தரப்பும் நம் நாடு என்று இன்னொரு தரப்பும் படிக்கின்றன. துடுப்புப் போட்டு வந்தவர்களின் பெயருக்கு இவ்வளவு ரத்தம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் சண்டை பெயருக்காக மட்டும் இல்லை என்பதும் தெரிந்ததுதான்.

கிரேக்கத்துக்கு வருவோம். கிரீஸ் என்பது ரோமானியர்கள் வைத்த பெயர். தங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னக் கூட்டத்தின் பெயரை எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். கிழக்கே பாரசீகர்களுக்குத் தெரிந்தது இன்றைய துருக்கியின் அனத்தோலியக் கரையில் இருந்த அயோனியர்கள். அதனால் எல்லாக் கிரேக்கரும் யவுனர். அதுதான் யவனர் ஆகி, சங்கப் பாடல்களில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிக்கொண்டு போகிறது. பிற்பாடு மேற்கிலிருந்து கடல் வழி வந்த அரபிகளுக்கும் அந்தப் பெயரே போய்ச் சேர்ந்தது. சோனகர் என்ற சொல்லை யவனர் வழியாகவே விளக்குகிறார்கள். போர்த்துகீசியர்கள் அதே மக்களை மொரோக்கோவில் பார்த்த முஸ்லிம்களின் பெயரால் மூர் என்றார்கள். இலங்கைச் சோனகர் தமிழில் ஒரு கிரேக்கக் குலத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் ஓர் ஆப்பிரிக்கக் குலத்தின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் அவர்களைக் கேட்டு வைத்தது எதுவும் இல்லை.

கிரேக்கர்களின் சொந்தப் பெயரான ஹெல்லாஸும் இடையில் காணாமல் போயிருந்தது. கிறிஸ்தவம் வந்த பிறகு ஹெல்லீன் என்றால் சிலை வணங்குகிறவன் என்ற பொருள் ஏறிவிட்டது. பைசாந்தியத்தில் கிரேக்கம் பேசியவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தங்களை ரோமர் என்றே சொன்னார்கள். 1912இல் லெம்னோஸ் தீவைக் கிரேக்கக் கடற்படை ஓட்டோமான்களிடமிருந்து பிடித்தபோது, சிறுவர்கள் ஓடிவந்து சிப்பாய்களை வேடிக்கை பார்த்தார்களாம். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், 'ஹெல்லீன்களை'. ஏன், நீங்கள் ஹெல்லீன்கள் இல்லையா? 'இல்லை, நாங்கள் ரோமர்கள்.' அந்தச் சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் வரலாற்றாசிரியரான பீட்டர் கராநிஸ். அவரே சொன்ன கதை.

எல்லாப் பெயரும் இப்படிச் சிக்கலானது இல்லை. மாண்டினீக்ரோவுக்குக் கருமலை என்று பொருள், அவ்வளவுதான். உள்ளூரில் ட்ஸ்ர்னா கோரா, துருக்கியில் காராடா, அல்பேனியத்தில் மாலி இ ஸீ, ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்ஃப்யாட்லாலாண்ட். எல்லாமே கருமலைதான். வெனிஸ்காரர்கள் மொழிபெயர்த்தது உலகுக்குப் போய்விட்டது. மலையைப் பார்த்து வைத்த பெயருக்கு யாரும் சண்டை போடவில்லை.

மூதாதையைப் பார்த்து வைத்தால் போடுவார்கள். யூகோஸ்லாவியா உடைந்து 1991இல் மாசிடோனியா தனி நாடானபோது கிரீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அலெக்சாந்தர் எங்கள் ஆள், மாசிடோனியா எங்கள் வட மாநிலம், பெயரைக் கொடுத்தால் நாளைக்கு நிலத்தையும் கேட்பீர்கள் என்றது. 1993இல் ஐ.நா. அதை 'முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு' என்று சேர்த்துக்கொண்டது. ஆங்கில அகரவரிசையில் எங்கே உட்கார வைப்பது? மா வரிசையில் வைத்தால் கிரீஸுக்குக் கோபம், முன்னாள் என்ற வரிசையில் வைத்தால் அவர்களுக்கு அவமானம். கடைசியில் பெயருக்கு முன்னால் வரும் 'தி'யை வைத்து, தாய்லாந்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். 2008இல் நேட்டோவில் சேர்வதைக் கிரீஸ் தடுத்தது. தலைநகர் ஸ்கோப்யேயில் அலெக்சாந்தர் பெயரில் விமான நிலையம், நெடுஞ்சாலை, நகர நடுவில் குதிரைமேல் ஒரு பிரமாண்டமான வீரன் சிலை என்று அவர்களும் வீம்பு காட்டினார்கள். அங்கே பேசுவது ஸ்லாவ் மொழி, அலெக்சாந்தருக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தது. இன்றைய கிரேக்க மாசிடோனியாவிலும் 1923இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் அனத்தோலியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் ஏராளம். இருவருக்குமே அலெக்சாந்தர் தூரத்துச் சொந்தம்தான்.

2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம். வட மாசிடோனியா என்று பெயர் மாற்றம். மொழிக்கு மாசிடோனியம் என்ற பெயர் தொடரலாம். அதற்குச் சில மாதங்கள் முன்பே விமான நிலையத்திலிருந்து அலெக்சாந்தர் இறங்கியிருந்தார், நெடுஞ்சாலைக்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிய பெயர் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அடுத்த ஆண்டு நேட்டோவில் இடம் கிடைத்தது. 2024 மே மாதம் புதிய குடியரசுத் தலைவர் கோர்டானா சிலியனோவ்ஸ்கா பதவியேற்றபோது, எழுதிக் கொடுத்த உறுதிமொழியில் வட மாசிடோனியா என்று இருந்தது. அவர் வெறும் மாசிடோனியா என்று வாசித்தார். கிரேக்கத் தூதர் அங்கேயே எழுந்து வெளிநடப்புச் செய்தார்.